பச்சைத் துணி வாங்க வந்தவள்

"துண்டை அவிழ்த்து வெச்சுட்டு இறங்கும்மா! துண்டோட தொட்டியில இறங்கக் கூடாதுன்னு அவ்வளவு பெருசா எழுதி வெச்சிருக்கே, கண்ணு தெரியலையா?"

தென்கொரியாவின் பூசான் நகரப் பொதுக் குளியலறையில், பெண்கள் பக்கத்தில் அத்தனை தலைகளும் திரும்பின. துண்டோடு நின்ற ஐரிஸுக்கு மானம் போயிற்று. அம்மா அப்பா இந்த ஊர்க்காரர்கள்தான். கொரிய மொழி வீட்டிலேயே பேசி வளர்ந்ததுதான். ஆனால் பிறந்ததும் படித்ததும் லாஸ் ஏஞ்சல்ஸில். ஊர்ப்பட்ட பெண்கள் முன்னால் துண்டில்லாமல் நிற்பதற்கு அங்கே யார் பழக்கினார்கள்?

கண்ணை இறுக்க மூடிக்கொண்டு துண்டை எறிந்துவிட்டு வெந்நீரில் முங்கினாள்.

"தனியாவா வந்தே?" என்றார் அதட்டிய அதே அம்மாள். ஐம்பது வயதிருக்கும். "ஊறினது போதும், வா. முதுகைத் தேய்ச்சு விடுறேன். அப்புறம் நீ எனக்குத் தேய்ச்சு விடு."

பிளாஸ்டிக் முக்காலியில் ஐரிஸ் திரும்பி உட்கார்ந்தாள். அந்த அம்மாள் அழுக்குத் தேய்க்கிற சொரசொரப்பான பச்சைத் துணியைக் கையுறை மாதிரி மாட்டிக்கொண்டு ஒரு இழுப்பு இழுத்தார்.

"ஐயோ அக்கா!"

"கத்தாதே. எத்தனை வருஷத்து அழுக்கு! உங்க ஊர்ல தண்ணியே கிடையாதா?"

அந்தப் பச்சைத் துணிக்காகத்தான் ஐரிஸ் கடல் தாண்டி வந்திருந்தாள். அவள் கம்பெனி அதை அமெரிக்கக் கடைகளில் விற்கிறது. போன தடவை வேறொரு கம்பெனியில் வாங்கிய சரக்கு மூன்றே குளியலில் நார் நாராகப் பிரிந்து, பாதிக்கு மேல் திரும்பி வந்துவிட்டது. 'இன்னொரு தடவை இப்படி ஆனால் நீ வேறு வேலை பார்த்துக்கொள்' என்று மேலதிகாரி சொல்லி அனுப்பியிருந்தார். நாளைக்கு நாரை கம்பெனியோடு பேச்சு, மறுநாள் விலை குறைவான டால்ஃபின் கம்பெனியோடு. விற்கிறவர்கள் அவரவர் சரக்கைத்தான் புகழ்வார்கள். தேய்க்கிறவர்களைக் கேட்டால்தானே உண்மை தெரியும்? அதனால்தான் யாரிடமும் மூச்சு விடாமல் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டாள்.

"இது எந்த கம்பெனி துணி அக்கா?" என்றாள், ஒன்றும் தெரியாதவள் போல.

"நாரை. ரெண்டு வருஷமா இதே துணிதான். ஓரத்தைப் பாரு, ஒரு நூல் பிரிஞ்சிருக்கா?"

பிரியவில்லை. ஐரிஸ் நகத்தால் நெருடியும் பார்த்தாள்.

"டால்ஃபின் விலை கம்மியாமே?"

"வாங்கிட்டுப் போய் சட்டி கழுவு. முதுகுக்கு ஆகாது."

"நாரையில மொத்தமா வாங்கினா விலை குறைப்பாங்களா?"

"அந்த முதலாளியம்மாவா? ஒரு வோன் காசுகூடக் குறைக்க மாட்டா. கேட்டா கோவம் வேற வரும், வியாபாரமே வேணாம்னு எழுந்து போயிடுவா. ஆனா ஒரு துணி பிரிஞ்சாலும் கேள்வி கேக்காம மாத்திக் குடுப்பா. கையைத் தூக்கு!"

குளித்து முடித்ததும் ஐரிஸுக்குப் பாதி எடை குறைந்த மாதிரி இருந்தது. அந்த அம்மாள் பதிலுக்குத் தேய்க்கவும் விடாமல், காசும் வாங்க மறுத்து, வாழைப்பழப் பாலும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். தெருவில் நின்றே டால்ஃபின் கம்பெனிக்கு 'வரவில்லை' என்று செய்தி அனுப்பினாள். அந்த அக்கா எவ்வளவு நல்ல மனுஷி என்று நெஞ்சு நிறைந்தது.

மறுநாள் நாரை கம்பெனியில் மேலாளர் குவாக் இரண்டு கையாலும் விலைப்பட்டியலை நீட்டினார். ஐரிஸ் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "பிரிஞ்சா மாத்திக் குடுப்பீங்கன்னு மட்டும் எழுதுங்க" என்றாள். எழுதினார்கள். கையெழுத்துப் போட்டாள்.

"முதலாளியம்மா உங்களைப் பார்க்கணும்னாங்க" என்று குவாக் எழுந்து கதவைத் திறந்தார்.

கோட்டும் முத்துமாலையுமாக ஒரு பெண்மணி, கையில் இரண்டு வாழைப்பழப் பாலோடு உள்ளே வந்தார்.

"முதுகு எரியுதாம்மா?"

ஐரிஸ் வாய் பிளந்தாள். "அக்கா! நீங்களா?"

"உங்களுக்கு ரூம் போட்டது நாங்கதானே? ஒரு நாள் முன்னாடியே வந்துட்டீங்கன்னு ஹோட்டல்காரர் போன் பண்ணிட்டார். துணி எப்படின்னு விசாரிக்க வேற எங்கே போகப்போறீங்க? பக்கத்துல இருக்கிறது ஒரே குளியலறை. துண்டோட யாரு தொட்டியில இறங்குறான்னு காத்துக்கிட்டிருந்தேன்."

ஐரிஸுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. "அப்போ, விலை குறைக்கக் கேட்டா கோவம் வரும்னு சொன்னது?"

"கேட்டிருந்தா பத்து சதவீதம் குறைச்சிருப்பேன்" என்றார் முதலாளியம்மா, பாலில் உறிஞ்சுகுழலைக் குத்தி அவளிடம் நீட்டியபடி. "நீங்கதான் கேக்கவே இல்லையே! போகட்டும், முதுகு தேய்ச்சு விட்டதைக் கொசுறா வெச்சுக்குங்க."