தரையில் வைத்த கோப்பை

எப்படிச் சொன்னாலும் தப்பாகத்தான் போய் முடியும் என்று ஸல்ஹாவுக்குத் தெரியும். அதட்டிக் கேட்டால் சண்டை வரும். கெஞ்சினால் ஃபித்தா மசிய மாட்டாள்.

சொல்லாமலும் முடியாது. வருஷத்தில் இந்த ஒரு ராத்திரிதான் எரிநட்சத்திரங்கள் மழையாகக் கொட்டும். அதைப் பார்க்கவென்றே பாலைவனத்துக்கு வந்த விருந்தாளிகள், ஸல்ஹாவின் கூடாரங்களுக்கு வெளியே மணலில் பாய் விரித்து மல்லாந்திருந்தார்கள். பள்ளத்தாக்கில் இருந்த எல்லா முகாம்களிலும் விளக்கை அணைத்தாயிற்று. எதிர்மேட்டில் ஃபித்தாவின் கூடாரத்துக் கம்பத்தில் மட்டும் ஒரு லாந்தர் கண்ணைக் குத்தியது.

"பொறாமைதான், வேறென்ன?" என்றாள் நாத்தனார் நூஃபா. "அவ பக்கம் ஒரு விருந்தாளியும் எட்டிப் பார்க்கிறதில்ல. சைத்தானை விரட்ட வானத்துலேர்ந்து கல்லெறியுறதை வேடிக்கை பார்க்க இந்த ஜனங்க கப்பலேறி வருது. வந்தது பார்த்துட்டுப் போகட்டுமே, இவளுக்கு எங்கே வலிக்குது?"

"உங்க அண்ணன் இருந்தா அவரே போய்க் கேட்டிருப்பார்."

"அண்ணன் வண்டியை எடுத்துக்கிட்டு அகபா டவுனுக்கு ஐஸ் வாங்கப் போயிருக்கு. அது வர்றதுக்குள்ள வானமே காலியாயிடும். நீ போ அண்ணி."

ஸல்ஹா மேடேறினாள்.

ஃபித்தா புருஷனை இழந்தவள். ஆடுகளோடு தனியாக இருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்காமல் காபியை ஊற்றி நீட்டினாள். "முதல்ல குடி. பேச்செல்லாம் அப்புறம்."

ஸல்ஹா கோப்பையை வாங்கினாள். வாயில் வைக்காமல் தரையில் வைத்தாள்.

ஃபித்தாவின் முகம் மாறியது. குடிக்காமல் கீழே வைத்தால் வந்தவளுக்கு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். கொடுக்கும்வரை குடிக்க மாட்டாள். கொடுக்காமல் அனுப்பினால் அந்தக் கூடாரத்துக்கே மானக்கேடு.

"கேளுடி. ஆடு வேணுமா? பிடிச்சுட்டுப் போ."

"அந்த விளக்கை அணைக்கணும் அக்கா. விடியறவரைக்கும்."

"அது மட்டும் முடியாது. வேற என்ன வேணும்னாலும் கேளு."

"வேற ஒண்ணும் வேண்டாம்."

"கொஞ்ச நேரம் பொறுத்துக்கோ. நானே அணைச்சுடறேன்."

"அதுவரைக்கும் யாருக்காக எரியணும்?"

"அதைக் கேட்காதே."

"ஓகோ!" ஸல்ஹாவுக்குப் பேச்சு வழுக்கியது. "ராத்திரியில யாருக்கு வழிகாட்ட இங்கே விளக்கு எரியுதுன்னு நாளைக்கு பள்ளத்தாக்கே கேட்கும். பதில் வெச்சிருக்கியா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்னவென்று அவளுக்கே உறைத்தது. கொட்டிய வார்த்தையை இனி அள்ள முடியாது.

ஃபித்தா தரையில் ஆறிக்கொண்டிருந்த கோப்பையைப் பார்த்தாள். எழுந்து லாந்தரை இறக்கினாள். ஒரே ஊதல்.

"இப்பக் குடி."

ஸல்ஹா குடித்தாள். தலை நிமிர்வதற்குள் ஃபித்தா ஒரு சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, மேட்டின் மறுபக்கம் ஓட்டமும் நடையுமாக இறங்கிப் போய்விட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள், போகட்டும் என்று நினைத்தாள் ஸல்ஹா.

கீழே விருந்தாளிகள் கை தட்டினார்கள். ஒன்று விழுந்தது. பிறகு இரண்டு சேர்ந்தாற்போல். அப்புறம் எண்ணவே முடியவில்லை. ஸல்ஹாவும் இறங்கி வந்து ஓரமாகப் படுத்துக்கொண்டாள். இத்தனை வயதில் வேலையை விட்டுவிட்டு வானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

விடிந்ததும் அவள் புருஷன் முத்லக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வண்டி ஓடைப் பள்ளத்தில் கவிழ்ந்துவிட்டது. கால் முறிந்திருந்தது. ஃபித்தா பள்ளத்தை நெருங்கும்போதே வண்டி உருளும் சத்தம் கேட்டதாம். அவரை வெளியே இழுத்துப் போட்டது அவள்தான். அவள் சால்வையெல்லாம் ரத்தம்.

கூடியிருந்த ஆண்கள் திகைத்து நின்றார்கள். "கண்ணை மூடிக்கிட்டே ஓட்டுவியே முத்லக், என்ன ஆச்சு?"

"கண்ணைத் திறந்தாலும் அதேதான்" என்றார் முத்லக், பல்லைக் கடித்துக்கொண்டு. "ராத்திரியில எனக்குப் பார்வை இல்ல. ரொம்ப நாளாச்சு. வெளியில தெரிஞ்சா யாரு என் வண்டியில ஏறுவா? வீட்டுல தெரிஞ்சா இவ சாவியையே ஒளிச்சுடுவா. ஃபித்தா விளக்கைப் பார்த்துத்தான் பள்ளத்தை ஒதுக்கி ஓட்டுவேன். யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தா. ஒருநாள்கூட தவறினதில்ல." ஃபித்தாவின் பக்கம் திரும்பினார். "நேத்து ஏன் தாயே?"

ஸல்ஹாவுக்கு உண்மை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. எங்கே ஆரம்பிப்பது? விளக்கிலா? தான் பேசிய அந்தப் பேச்சிலா?

ஃபித்தா அவளைத் தவிர எல்லோரையும் பார்த்தாள். "எண்ணெய் தீர்ந்துபோச்சு. நான் முன்னாடியே கவனிக்கல. என் தப்புதான்."

"நல்லாக் கேட்டுக்கோங்க!" என்று நூஃபா முந்திக்கொண்டாள். "ஒரு விளக்குக்கு எண்ணெய் ஊத்தத் துப்பில்லாதவளை நம்பி எங்கண்ணன் காலை ஒடிச்சுக்கிட்டு வந்திருக்கு!"

ஆண்கள் ஃபித்தாவைப் பார்த்த பார்வை நன்றாக இல்லை. அவள் குனிந்து சால்வையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முத்லக் மனைவியிடம் கேட்டார். "எதிர்லதானே இருக்கு ஸல்ஹா. விளக்கு அணைஞ்சது உன் கண்ணுலயுமா படல?"

"நான் வானத்தைத்தானே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள் ஸல்ஹா.