நீலச் சட்டைக்காரன்

கேலப் நகரத்துத் தியேட்டரில், நான் நடித்த கௌபாய் படத்தை அன்றுதான் பார்த்தோம். செவ்விந்தியனாக வந்த நான், குண்டடிபட்டுக் குதிரையிலிருந்து அருமையாக விழுந்து செத்தேன். என் மனைவி நானபா அதைக் கவனிக்கவே இல்லை. என்னைச் சுட்ட, நீலச் சட்டை போட்ட பட்டாளத்தானின் முதுகையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு வயிறு எரிந்தது.

"அவன்கிட்ட அப்படி என்னடி இருக்கு?"

"தோளப் பாரேன். என்னா கம்பீரம்!"

"போயும் போயும் நீலச் சட்டைக்காரனா? நம்ம நவஹோ சனத்தையே ஊரவிட்டு விரட்டியடிச்ச கூட்டம்டி அது!"

"இருக்கட்டுமே. இவன் எனக்குப் பிடிச்சவன்."

"யாருடி அவன்? பேரச் சொல்லு, இப்பவே தீத்துக்கட்டறேன்!"

"கத்தாதய்யா. தொப்பிக்குக் கீழ கொண்டை தெரியுதா? அதுல இருக்கறது, தெனமும் உன் கொண்டையில நான் சுத்துற வெள்ளை நூலுதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. படப்பிடிப்பில் ஒருநாள் ஆள் பற்றவில்லை. "முதுகு மட்டும்தான் தெரியும்" என்று சொல்லி எனக்கு நீலச் சட்டையை மாட்டிவிட்டார்கள். எதிரே யாருமில்லை. வெறும் பாறையைப் பார்த்துச் சுடச் சொன்னார்கள், சுட்டேன்.

அந்தக் குண்டு என்மேல்தான் பாய்ந்திருக்கிறது.