அலறலுக்கு வந்த கிராக்கி

காரில் ஏறினாலே பங்கஜவல்லி, "ஐயோ, மெதுவா!" என்று அலறுவாள். அதனால் கணவர் ஞானப்பிரகாசம் அவளை எங்கும் கூட்டிப்போவதில்லை.

அப்புறம் புதுவகை இன்சூரன்ஸ் வந்தது. ஓட்டுகிற விதத்தைக் காரே பார்த்து, அன்றன்றைய பிரீமியத்தைப் போட்டது. எதிர்வீட்டு மெஹருன்னிசா ஒருநாள் அவளை ஏற்றிப்போக, பிரீமியம் பாதியாகக் குறைந்தது. அவள் அலறும்போது யாரால் வேகமாக ஓட்ட முடியும்?

அவ்வளவுதான், குடியிருப்பே அவள் வாசலில் நின்றது. "அக்கா, ஊட்டிக்கு வர்றீங்களா?" "எங்களோட கன்னியாகுமரிக்கு!"

ஐம்பது வயதில் முதல்முறையாகக் கடலில் கால் நனைத்தாள். அப்போது கணவர் போனில் கூப்பிட்டார்.

"பங்கஜம், ஞாயித்துக்கிழமை நம்ம கார்ல எங்கயாவது போலாமா?"

"அடடா, அன்னைக்கு மூணாறு போறேனேங்க! பின் சீட்டுல உங்களுக்கும் இடம் இருக்கான்னு கேட்டுச் சொல்றேன்" என்றவள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அடுத்த அலையை நோக்கி ஓடினாள்.