பின் சீட்டு

“கொஞ்சம் மெதுவா, ஏரி வருது,” என்றார் பின் சீட்டில் இருந்தவர்.

“இது மூணாவது ஏரி சார். திறந்த வாய் இன்னும் மூடலையே,” என்று சிரித்தபடி, காரை ஓட்டிய பெண் ஓரங்கட்டினாள்.

அவர் இறங்கி, கரை முழுக்கப் பூத்திருந்த மஞ்சள் பூக்களை ஆசைதீரப் பார்த்தார்.

பக்கத்தில் படம் எடுத்துக்கொண்டிருந்தவர் கேட்டார். “இந்தப் பக்கம் முதல் தடவையா?”

“இருபது வருஷமா தினமும் வர்றேன்.”

“அப்புறம் என்ன இப்படிப் பாக்குறீங்க?”

“டாக்ஸி ஓட்டுறேங்க. இந்த வளைவுகள்ல ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியுமா? வண்டி நின்னா கண்ணாடி துடைக்கவே நேரம் சரியா இருக்கும்.”

ஹாரன் அடித்தது. “ஏறுங்க சார், இன்னும் நாலு ஏரி இருக்கு.”

“இன்னைக்கு லீவா? டிரைவர் வச்சிருக்கீங்களே,” என்றார் படம் எடுத்தவர்.

பின் கதவைத் திறந்தபடி அவர் பெருமையாகச் சொன்னார்:

“என் பொண்டாட்டி. இதுக்குன்னே லைசென்ஸ் எடுத்தா.”