எடையில்லாத தொட்டி

எங்கள் பல்கலைக்கழகத்தில் குப்பைக் குறைப்புத் திட்டம் தொடங்கியதிலிருந்து, ஒவ்வோர் அலுவலகத்தின் தொட்டியையும் எடை போடுவதுதான் என் பகல் வேலை. மாலையில் வகுப்பு. எல்லாத் தொட்டிகளும் நிரம்பி வழிய, தேர்வுப் பிரிவின் தொட்டியில் மட்டும் தினமும் எடையே இல்லை. தராசு கெட்டுவிட்டதோ என்று என் செருப்பை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டியது.

"பத்துப் பேர் டீ குடிக்கிறாங்க, ஒரு கப்பைக்கூடக் காணோம்" என்றார் திட்டத்தை நடத்தும் மேடம். "நெஜமாவே குறைச்சாங்களா, தில்லுமுல்லா? கண்டுபிடி. முதல் நாளே சொன்னேன்ல, குப்பை குறையலேன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. உன் வேலையும் போயிடும்."

புதிதாக வந்த காவலாளி குரலைத் தாழ்த்தினார். "அங்க இருக்கிற ஹெட் கிளார்க்கைக் கவனி. காலையில தட்டையா வர்ற பை, சாயங்காலம் உப்பிக்கிட்டுப் போகுது."

எனக்குத் திக்கென்றது. அவரா? அலுவலகப் பென்சிலைக்கூடத் தொடாதவர். ஒருவேளை விடைத்தாள்களைக் கடத்துகிறாரோ?

அன்று வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, அவர் ஏறிய பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினேன். அவர் இறங்கி, சந்தில் திரும்பி, பச்சைக் கதவு போட்ட வீட்டு வாசலில் நின்றார். அங்கிருந்த தொட்டியில் பையைக் கவிழ்த்தார். காகிதக் கப்புகள் கொட்டின.

"இதுதானா விஷயம்?" என்றேன்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னம்மா, இன்னிக்கு கிளாஸ் இல்லையா?"

"ஏன்ப்பா இப்படிப் பண்றீங்க?"

"குப்பை குறையலேன்னா வேலை போயிடும்னு நீதானே அம்மாகிட்ட அழுதே?" அப்பா பையை உதறி மடித்தார். "உள்ள வா. நல்லவேளை, நம்ம வீட்டுத் தொட்டியை யாரும் எடை போடறதில்ல."