கரிசல் ஈரம்

தோகாவில் ஈச்சந்தோட்டத்து மணலுக்குத் தண்ணீர் விடும் செண்பகராஜ், கைப்பேசியை வாயருகே வைத்து, வாக்கப்பட்ட ஊரிலிருந்து அம்மா வீட்டுக்கு வந்திருக்கும் அக்காவுக்குச் சொல்லச் சொல்ல, அது எழுதிக்கொண்டே போனது.

"அக்கா, தெனமும் பாத்தியே, அப்புறம் எப்படிடா தெரியாமப் போச்சுன்னு கேட்டேல்ல. பாத்தேன்க்கா. காலையில அம்மா கறிவேப்பிலைக் கன்னுக்கு ஒரு குடம் ஊத்தும். மண்ணுக்குள்ள பொதைச்ச கருவி ஈரத்தப் பாத்து என் போன்ல பச்சைய எரிய விடும். பச்சை எரிஞ்சா அம்மா நடமாடுதுன்னு அர்த்தம். நான் கூப்பிட்டாலும், 'பச்சைதான் எரியுதுல்லடா, பெறகு எதுக்கு வெட்டிப் பேச்சு'ன்னு வச்சிரும். நானும் கூப்பிடுறத விட்டுட்டேன்.

இங்க மணல்ல காலையில ஊத்துனா பொழுதடைய ஈரம் இருக்காது. அந்த நெனப்புலயே இருந்துட்டேன். நம்ம கரிசல் குடிச்ச தண்ணிய லேசுல விடாதுங்கறத மறந்துட்டேன்க்கா. அம்மா விழுந்து கெடந்த நாலு நாளும் பச்சை எரிஞ்சிச்சு. அதப் பாத்துட்டுத்தான் நான் நிம்மதியாத் தூங்குனேன். சித்தப்பா கதவ ஒடைச்ச அன்னைக்கும் பச்சைதான்."

அவன் பச்சை எரிகிறதா என்று பார்த்தான். கைப்பேசியை மறுபடி வாயருகே கொண்டுபோனான்.

"அம்மாவ எரிச்சுக் காடாத்து முடிஞ்சும் இன்னும் எரியுதுக்கா. அம்மா கடைசியா ஊத்துன தண்ணி அது. நீ வீட்டக் கழுவி விடும்போது அந்தப் பக்கம் தண்ணி போகாமப் பாத்துக்கோ. கன்னு வாடுனாலும் பரவால்ல. அது தானா அணையட்டும்."