சோதிக்காத எண்

அந்த ஈஸ்டர் அன்று மூன்று இயங்குதளங்களைப் பார்த்தோமா நான்கா என்று எனக்கு நிச்சயமாக நினைவில்லை. வீட்டில் பேசுவதையெல்லாம் பெரிய கம்பெனிகள் விற்கும் போன்கள் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்ததால், என் மனைவி ஜெசிந்தா நாமே மென்பொருளை மாற்றிக்கொள்ளக்கூடிய ஒரு லினக்ஸ் போன் வாங்கியிருந்தாள். அவள் தம்பி சேவியர் ஒவ்வொரு இயங்குதளமாக ஏற்றிப் பார்த்தான். ஒன்றில் கேமரா வேலை செய்யவில்லை. இன்னொன்றில் மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்தது. கடைசியாக ஏற்றியதில் தமிழ்த் தட்டச்சு, அழைப்பு எல்லாமே சரியாக இருந்தன.

“ஆம்புலன்ஸுக்கும் ஒரு போன் போட்டுப் பாத்துருவோமாக்கா?”

“நல்ல நாளும் அதுவுமா அதுக்கா போன் போடுவ? வாயக் கழுவுடே.”

நாங்கள் சிரித்தோம்.

மழைக்காலத்தில் ஒருநாள் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சமையலறையில் சாய்ந்தாள். நான் கையருகில் இருந்த அவள் போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைத்தேன். “உங்கள் போனில் சான்று பெறாத மென்பொருள் உள்ளது. அழைப்பை ஏற்க இயலாது. நன்றி,” என்றது ஒரு குரல். மறுபடியும் அழைத்தேன். அதன் பிறகுதான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட ஓடினேன்.

அவர்கள் போனில் அழைத்த வண்டி வருமுன் ஜெசிந்தா இறந்துவிட்டாள். சேவியர் கம்பெனி போனுக்கே மாறிவிட்டான். அக்காவின் எண்ணிலிருந்து நான் அழைத்தால் எடுப்பதில்லை. அவள் போனை நான் வைத்திருக்கிறேன். அது நன்றாகவே வேலை செய்கிறது.